பத்து பவுண்டும் பானைத் தண்ணீரும்



பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். சமையல் குறிப்புகளும் கோலங்களும் கொஞ்சம் ஒதுங்கி நிற்க, "மகள் இத்தனை மார்க் வாங்கியிருக்கிறாள், எதில் சேர்க்கலாம்?" என்ற கேள்விகள் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஆண்டு அவற்றில் நர்சிங் பற்றியவை அதிகம். 12ஆம் தேதி உலகச் செவிலியர் தினமும் வருவதால், இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். அவர் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பி.எஸ்சி. நர்சிங் சேரப் போகிறார். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். இடங்கள் சில; விண்ணப்பிப்பவர்களோ நூற்றுக்கணக்கில். "நான் ஏன் செவிலியராக விரும்புகிறேன்?" என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியதை நமக்கு அனுப்பி, பிழை திருத்தித் தரும்படி கேட்டிருந்தார்.

கட்டுரையில் பிழையே இல்லை. அதுதான் சிக்கல். சிறு வயது முதலே தொண்டு செய்வது தன் லட்சியம் என்று தொடங்கி, கைவிளக்கேந்திய காரிகை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைத் தொட்டு, அன்னை தெரசாவை வணங்கி, "எனக்கு இந்த வாய்ப்பை அளித்தால் என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருப்பேன்" என்று முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த கட்டுரையின் சாயல். கோனார் உரையை மூடிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வாக்கியங்கள் கை தன்னால் எழுதிவிடும்.

ஆனால் கட்டுரையோடு எனக்கு ஒரு கடிதமும் வைத்திருந்தார். "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பித்து, தாமதத்துக்குக் காரணம் சொல்லியிருந்தார். ஆயாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின். போடுவது இவர்தான். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது; மருந்துக் குப்பியை டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீருக்குள் வைப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வழி. ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழுகிறது என்பதால் இன்று வயிற்றில் வலப்பக்கம், நாளை இடப்பக்கம் என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்துவைப்பாராம். போன கிருத்திகைக்கு ஆயா யாருக்கும் சொல்லாமல் விரதம் இருந்துவிட்டார். ஊசி மட்டும் வழக்கம்போல் போட்டாயிற்று. பத்து மணிக்கெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. "காத்து கருப்பு" என்று பக்கத்து வீட்டில் வேப்பிலை தேடப் போக, இந்தப் பெண் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். கால் மணி நேரத்தில் ஆயா எழுந்து உட்கார்ந்து, விரதத்தைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டினாராம்.

இதில் ஒரு வரிகூட அவருடைய கட்டுரையில் இல்லை! ஏனம்மா என்று தொலைபேசியில் கேட்டேன். "அதெல்லாம் வீட்டு விஷயம்தானேங்க, விண்ணப்பத்துல எழுதலாமா?" என்றார்.

எழுதலாம் கண்ணு. எழுத வேண்டும். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து படிப்பவர்களில் ஒருவராவது மூத்த செவிலியராக இருப்பார். அவர் தேடுவது தொண்டுள்ளத்தை அல்ல. அது எல்லோருடைய தாளிலும் ஒரே அளவில் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். கவனிக்கத் தெரிந்த கண், குறித்துவைக்கும் பழக்கம், பதற்றத்தில் ஒரு முடிவெடுக்கும் திராணி, இவற்றுக்கு ஏதாவது தடயம் கிடைக்கிறதா என்று பார்ப்பார். மருந்து வைக்கும் முறை, ஊசி போடும் இடத்தை மாற்றுவது, சர்க்கரை இறங்கியதை அடையாளம் கண்டது என்று முதலாண்டுப் பாடத்தில் பாதியை இந்தப் பெண் காலண்டர் தாளிலேயே படித்து முடித்திருக்கிறார். பத்திரிகைக்கு வரும் கதைகளைப் படித்துப் படித்துக் கண் தேய்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: நூறு தாள்களில் தொண்ணூறு ஒன்றுபோல இருக்கும்போது, பானைத் தண்ணீர் வரும் தாளைப் படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

இப்படிச் சொன்னதும் சிலர் வேறு பக்கம் சாய்ந்துவிடுவதுண்டு. சோகத்தைக் கொட்டிவிடுவார்கள். அப்பா குடிப்பது, அம்மா கல் உடைப்பது, கூரை ஒழுகுவது என்று ஒரு பக்கம் முழுக்கக் கண்ணீர். வறுமையைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. வருமானச் சான்றிதழ் அதை ஒரே எண்ணில் சொல்லிவிடும். கட்டுரையில் இரண்டு வரி போதும். மிச்ச இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்பது வரட்டும். கையேந்தி எழுதும் கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நர்சிங் படிப்புக்குப் பணம் கொடுப்பவர்கள் தர்மம் செய்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பணத்தின் வரலாறு அப்படி இல்லை.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மாணவிகள் கட்டணம் எதுவும் கட்டவில்லை. தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் கொடுத்து, அதற்கு மேல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு சம்பளமும் கொடுத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? கிரிமியப் போர்முனையில் அவர் செய்த வேலையைப் பாராட்டி மக்கள் திரட்டிய நிதி அது. நாற்பதாயிரம் பவுண்டைத் தாண்டியது. சிப்பாய்கள் தங்கள் ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததற்கு ஈடாகக் கேட்டதும் உண்டு: பயிற்சி முடிந்ததும் நிதிக் குழு கைகாட்டும் மருத்துவமனைக்குப் போய் வேலை பார்க்க வேண்டும். அங்கேயிருந்து இந்தக் கல்வி முறை வேறு ஊர்களுக்குப் பரவ வேண்டும் என்பது திட்டம். பரவவும் செய்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா இதையே பெரிய அளவில் செய்தது. 1943இல் ஃபிரான்சஸ் போல்ட்டன் என்ற நாடாளுமன்றப் பெண் உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால் 'கேடட் நர்ஸ் கோர்' உருவானது. படிப்பு இலவசம், புத்தகமும் சீருடையும் இலவசம், மாதந்தோறும் கைச்செலவுக்குப் பணம். பதிலுக்கு, போர் முடியும்வரை செவிலியர் பணியில் இருப்பேன் என்ற உறுதிமொழி. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிப் படித்து வெளியே வந்தார்கள். இன, நிற வேற்றுமை பார்க்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருந்ததால், அந்நாளில் வேறு வழியே இல்லாத கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது கதவைத் திறந்தது.

பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்கு அரசு கொடுத்துவந்த உதவித்தொகையை 2017இல் புதிதாகச் சேருபவர்களுக்கு நிறுத்தி, கடன் வாங்கிப் படியுங்கள் என்றார்கள். விண்ணப்பங்கள் சரிந்தன, குடும்பம் குழந்தை என்று ஆனபிறகு படிக்க வருபவர்கள்தான் அதிகம் பின்வாங்கினார்கள். 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு ஐயாயிரம் பவுண்டு என்று மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் இன்னும் 59 லட்சம் செவிலியர்கள் தேவை என்று கணக்கிட்டது.

ஆக, கொடுப்பவருக்குத் தேவை இருக்கிறது. வாங்குபவரிடம் உழைப்பு இருக்கிறது. இது கொடுக்கல் வாங்கல். வேலூர் சி.எம்.சி.யிலும் திருச்சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் பரிந்துரைத்து அனுப்பும் மாணவிகள், படித்து முடித்ததும் அனுப்பியவர்களின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்றத்தான் போகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.

கொடுக்கல் வாங்கல் என்றால் நிபந்தனைகளைப் படித்தாக வேண்டும். தனியார் மருத்துவமனைகள் தரும் சில உதவித்தொகைகளில் 'பாண்டு' இருக்கும். எத்தனை வருடம் அவர்களிடம் வேலை செய்ய வேண்டும், அப்போது சம்பளம் என்ன, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொன்னால், பார்த்துக்கொள்ளப்போவது அவர்கள் அல்ல. நியாயமான பாண்டில் கையெழுத்துப் போடுவதில் தவறே இல்லை. இரண்டு வருட அனுபவம் எப்படியும் தேவைதான்.

எந்தச் செலவுக்கு உதவி என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். "கல்விக் கட்டணம் முழுவதும்" என்று அறிவிப்பில் இருக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பிறகு ஹாஸ்டல், மெஸ் பில், சீருடை, ஷூ, ரெக்கார்டு நோட்டு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். நர்சிங் மாணவிகளுக்கு இதோடு போஸ்டிங் செலவும் உண்டு. கிராமத்துக்கு ஒரு முறை, மனநலப் பிரிவுக்காகக் கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களுக்கு ஒரு முறை என்று ஊர் விட்டு ஊர் போய்த் தங்க வேண்டியிருக்கும். மொத்தக் கணக்கையும் ஒரு தாளில் போட்டு, எது கட்டணச் சலுகையில் போகும், எதற்குக் கையிலிருந்து வேண்டும் என்று குறித்துக்கொண்டால், எந்த உதவியை எதற்காகக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். விண்ணப்பத்தில் அந்தக் கணக்கைக் காட்டினால் மதிப்பும் கூடும்.

அரசு வழியில் வரவேண்டியதை முதலில் வாங்குங்கள், போட்டிக்கு அப்புறம் போகலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 2022இல் தொடங்கியது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதற்குத் தடையில்லை. நர்சிங் சேரும் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரில் உள்ள உதவித்தொகை நர்சிங்குக்கும் பொருந்தும். பெண்களுக்கு மாதம் 3,000, பையன்களுக்கு 2,500. பிளஸ் டூவில் அறுபது சதவீதம் வேண்டும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அப்படிப்பட்ட ஊர்களில்கூட அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் பீரோவுக்குள்ளேயே தூங்குகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் ஒரு எட்டு போய்க் கேளுங்கள்.

கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் வீட்டில் ஒருவருக்கு மட்டும். அக்கா ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. இதை ஜூன் மாதக் கடைசியில் கண்டுபிடித்து அழுவதைவிட இப்போதே அக்காவிடம் கேட்டுவிடலாம்.

இனி, நம் ஊருக்கே உரிய தலைவலிக்கு வருகிறேன்: இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். மார்க்கும் கட்டுரையும் அருமையாக இருந்தும் இந்த இடத்தில் நின்றுபோகும் விண்ணப்பங்கள் ஏராளம். மார்க் ஷீட்டை மாற்றுவது மலையைப் புரட்டும் வேலை. ஆகவே அதில் உள்ளபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் தொடங்கிய கணக்கு பெரும்பாலும் செயலற்றுப் போயிருக்கும். வங்கிக்குப் போய் உயிர் கொடுத்து, ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அரசுப் பணம் அந்த இணைப்பைத் தேடித்தான் வரும். வருமானச் சான்றிதழின் ஆயுள் ஒரு வருடம். போன வருடம் அண்ணனுக்கு வாங்கியதை இந்த வருடம் பதிவேற்றினால் ஏற்கமாட்டார்கள். கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கேட்டிருந்தார் கும்பகோணத்து வாசகி ஒருவர். தலைமை ஆசிரியர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் "நன்னடத்தையும் ஒழுக்கமும் உடையவர்" என்ற ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பாவம், அவர்களுக்கும் முந்நூறு பிள்ளைகள். உங்களை நன்றாகத் தெரிந்த உயிரியல் ஆசிரியையிடம் போங்கள். போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விவரம் எழுதிக்கொடுங்கள்: எந்த உதவித்தொகை, கடைசித் தேதி, வகுப்பில் நீங்கள் செய்த குறிப்பிடத்தக்க ஒன்று, வீட்டில் நீங்கள் ஏற்றிருக்கும் பொறுப்பு. அவர் மனமுவந்து எழுதுவார்.

நைட்டிங்கேல் பள்ளியிலும் இப்படி ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதாமாதம் தலைமைச் செவிலியர் நிரப்ப வேண்டிய குணநலப் பட்டியல். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம், வார்டைக் கவனிக்கும் திறமை என்று கட்டங்கள். மற்றதெல்லாம் இன்றைக்கும் சரி. அந்த 'அமைதி'தான் எனக்கு உடன்பாடில்லை. மருந்துச் சீட்டில் அளவு தவறாக இருந்தால், "டாக்டர், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கத் துணிகிற செவிலியர்தான் என் படுக்கையருகே வேண்டும். வாயாடி என்று பெயர் எடுத்த பெண்ணா? தாராளமாக விண்ணப்பிக்கட்டும்.

நேர்காணலுக்குப் போகும் பெண்களும் இதை நினைவில் வைக்கலாம். "நைட் டூட்டி போட்டால் வீட்டில் விடுவார்களா?" என்று கேட்பார்கள். "கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாயா?" என்றும் சில இடங்களில் கேட்கிறார்கள், கேட்கக்கூடாத கேள்வி, ஆனாலும் கேட்கிறார்கள். வீட்டில் அப்பா அம்மாவோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் பதில் தடுமாறாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல அனுமதி கேட்கலாம். நோயாளி தமிழில்தான் முனகப்போகிறார்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பேருந்து நிலையச் சுவர்களில் "நர்சிங், 100 சதவீத ஸ்காலர்ஷிப், உடனடி வேலை" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் இதழுக்கும் அவ்வகை விளம்பரங்கள் வருகின்றன, வாங்குவதில்லை. அப்படி விளம்பரம் செய்யும் இடங்களில் பல, ஆறு மாதமோ ஒரு வருடமோ பயிற்சி கொடுத்து ஒரு சான்றிதழை நீட்டிவிடும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று ஆண்டு. முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் செவிலியர். கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. அரசு வேலைக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. வெள்ளைச் சீருடை மட்டும் மிஞ்சும். நூறு சதவீதம் இலவசமாகக் கொடுத்தாலும் அது நஷ்டம்தான். சேர்வதற்கு முன் கல்லூரியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் யாராவது "சீட்டும் ஸ்காலர்ஷிப்பும் நான் வாங்கித் தருகிறேன்" என்று அசல் டி.சி.யைக் கேட்டால், கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

திருவண்ணாமலைப் பெண் கட்டுரையைத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறார். "எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, ஆயாவின் மருந்தைக் குளிர்ச்சியாக வைப்பது என் வேலை" என்று தொடங்குகிறது. நான் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபோது தனக்கு அது சரியா தப்பா என்று உறுதியாகத் தெரியாமல் பயந்ததையும், அந்தப் பயம் இல்லாமல் அடுத்த முறை செய்வதற்குத்தான் படிக்க வேண்டும் என்பதையும் அவரே சேர்த்திருக்கிறார். எனக்கு அந்த யோசனை தோன்றவில்லை. குழு முடிவு செய்ய இன்னும் நாளிருக்கிறது. கிடைக்காவிட்டால் இதே கட்டுரையோடு இன்னும் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தை நம்பி உட்காருவது இந்த விஷயத்தில் கூடாது.

உங்கள் வீட்டிலும் இப்படி எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால், கட்டுரையை இம்மாத இறுதிக்குள் அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தவரை நானும் உதவி ஆசிரியர்களும் படித்துக் குறிப்பு எழுதி அனுப்புவோம். ஓய்வுபெற்ற செவிலியர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார முடியுமா என்று ஒரு வரி எழுதுங்கள். எங்களுக்குத் தெரியாததை நீங்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பீர்கள். கட்டுரையை மட்டும் அனுப்பினால் போதும். மார்க் ஷீட், ஆதார் நகல் எதையும் எங்களுக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்